மேற்குத் தொடர்ச்சி மலையை எந்த அலகில் வரைவது: கட்டமா, கிராமமா, வடிநிலமா?

1. நிலவரையாளன்

அனைவருக்கும் வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் உணர்திறன் பகுதிகளை, அதாவது குவாரி போன்ற வேலைகளுக்குக் கட்டுப்பாடு வரும் இடங்களை, குறிக்கும் வரைவு அறிவிக்கை முதன்முதலில் 2014 மார்ச் 10 அன்று வெளியானது. அதன் ஆறாவது வரைவு 2024 ஜூலை 31 அன்று வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் நடந்த வாதங்களில் பெரும்பகுதி எத்தனை சதுர கிலோமீட்டர், எத்தனை கிராமங்கள், எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதைச் சுற்றியே இருந்தது. அந்த எண்கள் எந்த அலகைக் கொண்டு அளந்தபோது கிடைத்தவை என்பதை ஆராய்ந்தவர்கள் குறைவு. அதைப் பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மாதவ் காட்கில் தலைமையில் 2010இல் அமைந்த வல்லுநர் குழு, மலைத்தொடரின் பரப்பு 1,29,037 ச.கி.மீ. என எடுத்துக்கொண்டு, அதை ஐந்து நிமிடக் கட்டங்களாக, அதாவது ஏறத்தாழ 9 கி.மீ. நீளமும் 9 கி.மீ. அகலமும் உள்ள சதுரங்களாகப் பிரித்தது. ஓரிடவாழ் தாவரங்கள் (அப்பகுதியில் மட்டுமே வளர்பவை), காட்டின் விழுக்காடு, உயரம், சரிவு, ஆற்றோரக் காடு முதலியவற்றுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பெண் இட்டு, மூன்று நிலை மண்டலங்களை வகுத்தது. 2012இல் அமைந்த கஸ்தூரிரங்கன் குழு மலைத்தொடரின் எல்லையையே 1,64,280 ச.கி.மீ. என விரித்தது. பிறகு 24 மீட்டர் துல்லியமுள்ள செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை இயற்கை நிலப்பரப்பு என்றும் மனிதர் பயன்படுத்தும் பண்பாட்டு நிலப்பரப்பு என்றும் பிரித்து, ஒரு கிராமத்தின் பரப்பில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ உணர்திறன் மிக்க நிலம் இருந்தால் அந்தக் கிராமத்தை முழுமையாகப் பட்டியலில் சேர்த்தது. ஏறத்தாழ 60,000 ச.கி.மீ. பரப்பும் 4,156 கிராமங்களும் அப்படித்தான் வந்தன.

இரண்டு அலகுகளிலும் எனக்குக் குறை தெரிகிறது. ஒரு கட்டத்தின் பரப்பு 80 ச.கி.மீ.க்கும் அதிகம், முக்குருத்தி தேசியப் பூங்கா முழுவதும் 78 ச.கி.மீ.தான். முதுமலையின் மேற்கு விளிம்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மி.மீ. மழை பெய்கிறது; கிழக்கே மாயாற்றுப் பக்கம் அது 600, 700 மி.மீ. அளவுக்குக் குறைந்து, ஈர இலையுதிர் காடு இருந்த நிலை மாறி முள்காடு வந்துவிடுகிறது. இத்தகைய மாற்றத்தை 9 கி.மீ. கட்டம் சராசரிக்குள் மறைத்துவிடும். கிராம அலகோ வேறு வகையில் பிழைபடுகிறது. 10 ச.கி.மீ. பரப்புள்ள கிராமத்தில் 2 ச.கி.மீ. இயற்கை நிலம் இருந்தால் அது பட்டியலுக்குள் வரும், 60 ச.கி.மீ. பரப்புள்ள மலைக்கிராமத்தில் 11 ச.கி.மீ. இருந்தால் அது வெளியே நிற்கும். காட்டைக் கருதாமல் அந்நாளைய வருவாய்த் துறை தன் வசதிக்காகப் போட்ட எல்லை, இன்று எந்தக் காடு உணர்திறன் உள்ளது என்று தீர்மானிக்கிறது.

என் கருத்து இதுதான்: சூழலியல் பிரதேசங்களை அவற்றின் காரணிகளான மழை, உயரம், பாறை, மண், தாவரம் ஆகியவற்றைக் கொண்டு முதலில் வரைந்துவிட வேண்டும். சட்டத்துக்கான அலகை அதன்மேல் இரண்டாவது அடுக்காகப் பிறகு இட வேண்டும். இரண்டையும் ஒரே கோட்டில் முடிக்க முயன்றதால்தான் கோடு இழுபடுகிறது.

2. வால்பாறைக்காரர்

நிலவரையாளன் அவர்களின் பதிவில் விடுபட்ட ஓர் இடத்தைச் சொல்கிறேன். வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 ச.கி.மீ.; பெரும்பகுதி தேயிலை, இடையிடையே காப்பி, நடுவே சிதறிய சோலைத்துண்டுகள். செயற்கைக்கோள் கண்ணுக்கு இது சந்தேகத்துக்கு இடமில்லாத பண்பாட்டு நிலப்பரப்பு. ஆனால் இதைச் சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், இரவிகுளம், வாழச்சால் காடுகள் இருக்கின்றன. அந்தக் காடுகளுக்கு இடையே யானைகள் போய்வருவது இந்தத் தேயிலைக்குள்ளும் ஆற்றோரத் துண்டுகள் வழியாகவும்தான். சிங்கவால் குரங்குகள் இத்துண்டுக் காடுகளிலேயே வாழ்கின்றன.

இயற்கை நிலம், பண்பாட்டு நிலம் என்ற இருமைப் பிரிவு இங்கே சூழலியல் ரீதியாகவே பொருந்தவில்லை. ஒரு பிரதேசம் என்பது அதில் இன்று என்ன பயிர் நிற்கிறது என்பதைப் பொறுத்ததா, அங்கே மழையும் உயரமும் மண்ணும் சேர்ந்து எதை வளர்க்கக்கூடும் என்பதைப் பொறுத்ததா? இரண்டாவது என்றால், வால்பாறை முழுவதும் நடுத்தர உயர மழைக்காட்டுப் பிரதேசத்தின் பகுதியே. தோட்டங்கள் அதன் மேல் வந்த பயன்பாடு மட்டுமே. இந்த வேறுபாடு வரைபடத்தில் இருந்தால்தான், கைவிடப்பட்ட தோட்டத்தில் எந்த மரங்களை நட்டு மீட்பது என்ற கேள்விக்கு அதிலிருந்து விடை கிடைக்கும்.

3. பழைய நில அளவர்

வருவாய்த் துறையில் நில அளவைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மேலே இருவரும் கூறியவை அறிவியலுக்குச் சரி. ஆனால் தடை உத்தரவு என்பது ஒரு புல எண்ணின் (சர்வே எண்ணின்) மீதுதான் விழ முடியும். "மழை 2,000 மி.மீ.க்கு மேல் உள்ள ஈரப் பிரதேசத்தில் கல்குவாரி கூடாது" என்று ஆணையிட்டால், குவாரி உரிமம் கேட்டவர் தம் நிலத்தில் மழை 1,990 மி.மீ. என்று வழக்குத் தொடுப்பார். கிராமம் என்ற அலகைக் குழு தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது சிறந்த அலகு என்பதன்று. அதற்கு எல்லைக்கல் உண்டு, வரைபடம் உண்டு, ஒவ்வொரு புல எண்ணின் விவரத்தையும் கொண்ட 'அ' பதிவேடு உண்டு.

மேலும், காட்கில் குழுவும் கட்டத்தை இறுதி அலகாகச் சொல்லவில்லை என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். மண்டலங்களை வட்டம் (தாலுகா) வாரியாகத் தற்காலிகமாகக் குறித்துவிட்டு, இறுதி எல்லைகள் குறு நீர்ப்பிடிப்புகளையும் கிராம எல்லைகளையும் கருத்தில் கொண்டு, கிராம சபைகளின் பங்கேற்புடன் வரையப்பட வேண்டும் என்றுதான் அது சொன்னது. அறிக்கை 2011 ஆகஸ்டில் கொடுக்கப்பட்டும் பொதுப்பார்வைக்கு வந்தது 2012 மே மாதத்தில்தான். அதற்குள் "வட்டம் முழுவதும் தடை" என்ற செய்தி பரவிவிட்டது. வரைபடத்தைப் பார்க்காத மக்களிடம் வரைபடத்தைப் பற்றிய அச்சம் முதலில் போய்ச் சேர்ந்தது.

கேரளத்தில் நடந்ததையும் பாருங்கள். கஸ்தூரிரங்கன் குழு அங்கே குறித்தது 13,108 ச.கி.மீ.; 123 கிராமங்களில் குடியிருப்பையும் விளைநிலத்தையும் நீக்க மாநில அரசின் குழு பரிந்துரைத்த பிறகு, வரைவு அறிவிக்கையில் அது 9,993.7 ச.கி.மீ. ஆனது. புல எண் அளவுக்கு இறங்கிப் பார்த்தால் எல்லை இவ்வளவு மாறும் என்றால், மேலிருந்து போட்ட கோட்டுக்கு என்ன மதிப்பு என்று பட்டாதாரர் கேட்பது நியாயமே.

4. நீர்த்தரம்

இழை காட்டையும் நிலத்தையும் பற்றியே போகிறது. சூழலியல் பிரதேசங்களை வரையும் முறை நடைமுறைக்கு வந்த கதையில் தண்ணீருக்கும் பெரும் பங்கு உண்டு. சற்று நீளமாக எழுத அனுமதியுங்கள்.

அமெரிக்க வனத்துறைக்காக ராபர்ட் பெய்லி 1976இல் ஒரு சூழலியல் பிரதேச வரைபடத்தை வெளியிட்டார். அது தட்பவெப்பத்தை முதன்மையாகக் கொண்டு மேலிருந்து கீழாகப் பிரித்துச் செல்வது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் இருந்த ஜேம்ஸ் ஓமர்னிக் வேறு வழியில் போனார். ஓரிடத்தில் பாறையே நீரின் தன்மையைத் தீர்மானிக்கலாம், வேறோரிடத்தில் மண், மற்றோரிடத்தில் நிலப்பயன்பாடு. ஆகவே எல்லா இடத்திலும் ஒரே காரணியை முதலில் வைக்கக் கூடாது, பல காரணிகள் எங்கே ஒத்துப்போகின்றனவோ அங்கே எல்லையைப் போட வேண்டும் என்பது அவர் வாதம். 1987இல் வெளியான அவருடைய வரைபடம் அமெரிக்க நிலப்பரப்பை 76 பிரதேசங்களாகப் பிரித்தது. பின்னர் கனடாவும் மெக்சிகோவும் சேர்ந்து 1997இல் வட அமெரிக்கா முழுமைக்கும் 15 பெரும் பிரதேசங்களில் தொடங்கும் அடுக்கு முறையை உருவாக்கின.

இதனால் என்ன பயன் என்பதற்கு மினசோட்டா மாநிலத்தின் ஏரிகளே சான்று. அம்மாநிலத்தின் வடக்கே பாறையும் ஊசியிலைக் காடும். தென்மேற்கே வளமான மண்ணும் மக்காச்சோளமும். வடக்கின் ஏரி நீரில் பாஸ்பரஸ் இயல்பிலேயே குறைவு, தெற்கில் இயல்பிலேயே கூடுதல். 2008இல் அவர்கள் கொண்டுவந்த விதிகளில் வடக்கின் காட்டு ஏரிகளுக்கு வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். தெற்கின் ஆழமில்லாத ஏரிகளுக்கு 90 மைக்ரோகிராம். ஒரே வரம்பு வைத்திருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: வடக்கின் தெளிந்த ஏரி கெடத் தொடங்கியும் விதிப்படி "நல்ல ஏரி" எனப் பெயர் பெற்றிருக்கும், அல்லது தெற்கின் ஏரியை எவராலும் எட்ட முடியாத அளவுக்குத் தூய்மையாக்கச் சொல்லிப் பணம் விரயமாகியிருக்கும். ஒஹையோ மாநிலமும் 1990இல், ஓடையில் வாழும் மீன், பூச்சியினங்களைக் கொண்டு நீரின் நலத்தை அளக்கும் விதிகளைக் கொண்டுவந்தபோது, தன் ஐந்து சூழலியல் பிரதேசங்களுக்கு ஏற்ப அளவுகோல்களை மாற்றி வைத்தது. அதிகம் கெடாத ஓடைகளைப் பிரதேசவாரியாகத் தேர்ந்து, அவற்றோடு மற்ற ஓடைகளை ஒப்பிடுவதே அம்முறை.

இங்கே என்ன நிலை? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளை அவற்றின் பயன்பாட்டைக் கொண்டு 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து வகையாக்கியுள்ளது. குளிப்பதற்குரிய நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது பைக்காராவுக்கும் ஒன்றுதான், ஆண்டின் பெரும்பகுதி இயல்பான ஓட்டமே இல்லாத நொய்யலுக்கும் ஒன்றுதான். மனிதர் குளிக்கும் நீருக்கு ஒரே அளவு இருப்பதில் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆறு தன் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அந்த அளவு சொல்லாது. அதற்கு அந்தப் பிரதேசத்தின் இயல்பு எது என்று தெரிந்தாக வேண்டும். வெள்ளியங்கிரி அடிவாரத்து நொய்யலையும் ஒரத்துப்பாளையத்து நொய்யலையும் ஒரே மாதிரியோடு ஒப்பிடுவது தவறு. முன்னது மலையின் ஈரப் பிரதேசத்தில் பிறக்கிறது. பின்னது மழைமறைவுப் பிரதேசத்தில் கரும்பாறை மீது ஓடுகிறது.

5. கேள்விகள் மட்டும்

நீர்த்தரம் அவர்களுக்கு: அப்படியானால் வடிநிலம், அதாவது ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் நிலப்பரப்பு, என்ற அலகு எதற்கு? நீர் மேலாண்மை என்றாலே வடிநிலத்தைத்தானே எல்லாரும் சொல்கிறார்கள்?

6. நீர்த்தரம்

எவ்வளவு நீர் வருகிறது, எங்கே போகிறது, மேலே ஒருவர் செய்வது கீழே யாரைப் பாதிக்கிறது என்ற கேள்விகளுக்கு வடிநிலத்தை விடச் சிறந்த அலகு இல்லை. நீரின் இயல்பான தன்மை என்ன என்ற கேள்விக்குத்தான் அது உதவாது. தாமிரபரணியை எடுத்துக்கொள்ளுங்கள். பொதிகையின் மழைக்காட்டில் தொடங்கி, பாபநாசத்தில் இறங்கி, வறண்ட நெல்லைச் சமவெளியைக் கடந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. முழு ஆறும் ஒரே வடிநிலம். அதற்குள் குறைந்தது மூன்று சூழலியல் பிரதேசங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கு ஓடும் ஓடை வேறு வடிநிலத்தைச் சேர்ந்தது, ஆனால் அதன் தலைப்பகுதியும் தாமிரபரணியின் தலைப்பகுதியும் ஏறத்தாழ ஒரே பிரதேசம். நீரில் வாழும் உயிர்களைப் பற்றிக் கேட்டால் அந்த இரண்டு ஓடைகளும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் அவற்றுக்குத் தொடர்பே இல்லை.

வயநாட்டை மறந்துவிட்டு வடிநிலத்தைத் தள்ளிவைக்கவும் முடியாது. 2024 ஜூலை 30 அன்று ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் சரிந்த மண் சுமார் 8 கி.மீ. ஓடிவந்து முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்தது. சரிவு தொடங்கிய இடத்தையும் வீடுகள் இருந்த இடத்தையும் இணைத்தது ஓடைதான். நிலப்பயன்பாட்டைக் கொண்டு வரைந்தால் மேலே காடு, கீழே தோட்டமும் குடியிருப்பும் எனத் தனித்தனியாக நிற்கும் நிலங்கள், ஓடையின் கணக்கில் ஒன்றே. ஆகவே ஒரே வரைபடம் எல்லாக் கேள்விக்கும் விடை தரும் என்று எதிர்பார்ப்பதை விட்டுவிடுவது நல்லது.

7. சோலைப்புல்

இதுவரை எவரும் ஐந்திணையைக் கொண்டுவராததில் எனக்கு நிம்மதி. குறிஞ்சி, முல்லை என்று தொடங்கினால் பெருமை பேசுவதிலேயே இழை முடிந்துவிடும்.

நான் சொல்ல வந்தது வேறு. செயற்கைக்கோள் படத்தை நம்பி வரைபவர்கள் எதைக் காடு என்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரங்களின் கவிகை (மரத்தலைகள் நிலத்தை மூடும் அளவு) 10 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அது காட்டுப் பரப்பு. மரம் எந்த இனம், நிலம் யாருடையது என்பது கணக்கில் வராது. இதன்படி சீகை (வாட்டில்) மரத் தோப்பும் காடு, தைல மரத் தோப்பும் காடு, தென்னந்தோப்பும் காடு. ஆனால் உதகைக்கு மேற்கேயும் பழனி மலையின் உச்சியிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சோலையோடு சேர்ந்து இருந்துவரும் மலைப்புல்வெளி காடாகாது. வரைபடத்தில் அது திறந்த வெளி, சில அட்டவணைகளில் தரிசு.

இதன் விளைவு கண்முன்னே இருக்கிறது. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. அந்த இடத்தைச் சீகையும் தைலமும் பைனும் விளைநிலமும் பிடித்துக்கொண்டன. காட்டு விழுக்காட்டுக்கு மதிப்பெண் தரும் எந்த முறையிலும், புல்வெளியைச் சீகை மூடினால் அந்த இடத்தின் மதிப்பு உயரும். அதாவது கெட்டுப்போன நிலத்துக்கு வரைபடம் பரிசளிக்கும்! கட்டமா கிராமமா என்று கேட்பதற்கு முன், கட்டத்துக்குள் எதை எண்ணுகிறோம் என்று கேட்க வேண்டாமா?

வால்பாறைக்காரர் எழுப்பிய கேள்விக்கும் இதுவே விடையாகிறது. புல்வெளி இருந்தாக வேண்டிய இடம் எது என்பதை உயரம், உறைபனி, மண் ஆகியவற்றிலிருந்தும் பழைய வரைபடங்களிலிருந்தும் காட்ட முடியும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1961இல் வெளியிட்ட கன்னியாகுமரித் தாள் முதற்கொண்டு தயாரித்த தாவர வரைபடங்கள், இன்று நிற்பதை மட்டும் காட்டாமல், தட்பவெப்பத்துக்கு ஏற்ப எந்த வகைத் தாவரம் அங்கே உரியது என்பதையும் காட்டின. அறுபது ஆண்டுகளுக்கு முன் கையால் வரைந்தவர்களிடம் இருந்த இந்தத் தெளிவு, 24 மீட்டர் படத்தை வைத்திருப்பவர்களிடம் குறைந்துபோனது எனக்கு வியப்பாக இருக்கிறது.

8. நிலவரையாளன்

சோலைப்புல் அவர்களின் பதிவு என் வாதத்தை நான் எழுதியதைவிட நன்றாகவே சொல்லிவிட்டது. அதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

முதலாவது, காட்கில் குழு மதிப்பெண்களை மாநிலவாரியாகத் தனித்தனியே ஒப்பிட்டது. தெற்கே செல்லச் செல்ல இனங்களின் எண்ணிக்கை கூடுவதால், மலைத்தொடர் முழுவதையும் ஒரே வரிசையில் வைத்தால் உயர்ந்த இடங்கள் எல்லாம் தெற்கிலேயே குவிந்துவிடும் என்பதால் அப்படிச் செய்தார்கள். காரணம் சரியானது, தேர்ந்த அலகுதான் பொருந்தவில்லை. இனவளம் மாறுவது மாநில எல்லையில் அன்று. பாலக்காட்டுக் கணவாய் போன்ற இடங்களில்தான் மலையே முறிந்து, உயிரினங்களின் பரவலும் முறிகிறது. கணவாய்க்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, பழனி, செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியமலை என்று பிரதேசவாரியாக ஒப்பிட்டிருந்தால், வேறுபாட்டைச் சமன்செய்யும் அதே நோக்கம் இயற்கைக்குப் பொருந்த நிறைவேறியிருக்கும். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 5,520 ச.கி.மீ. என அறிவிக்கப்பட்டதே, அப்போது மாநில எல்லை தடையாக இல்லையே.

இரண்டாவது, எல்லாவற்றிலும் மோசமான அலகு தூரம். பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றிக் குறைந்தது 1 கி.மீ. உணர்திறன் மண்டலம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 3 அன்று ஆணையிட்டது. 2023 ஏப்ரல் 26 அன்று அதைத் தளர்த்தி, எல்லா இடத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதை ஏற்றது. பூங்கா எல்லையிலிருந்து 1 கி.மீ. என்பது ஓரிடத்தில் செங்குத்துப் பாறை, ஓரிடத்தில் யானைத்தடம், ஓரிடத்தில் பேருந்து நிலையம். பிரதேச வரைபடம் கைவசம் இல்லாதபோது நிர்வாகம் அளவுகோலை எடுத்துக்கொள்வது இயல்பு என்பதற்கு இது சான்று.

9. பழைய நில அளவர்

நிலவரையாளன் முதற்பதிவில் சொன்ன இரண்டு அடுக்கு யோசனையை நடைமுறைப்படுத்த முடியுமா என்று யோசித்தேன். முடியும் என்றே தோன்றுகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. சூழலியல் பிரதேசத்தின் எல்லையைக் கோடாகப் போடாமல், மாற்றம் நிகழும் பட்டையாகப் போட வேண்டும். ஈரக் காடு எந்த அடியில் வறண்ட காடாகிறது என்று எந்த அறிஞராலும் கல் நட்டுக் காட்ட முடியாது. கோடு போட்டால் வழக்கு வரும். பட்டையைத் தொடாமல் பிரதேசத்துக்குள் முழுவதும் இருக்கும் புல எண்கள், பட்டைக்கு அப்பால் முழுவதும் வெளியே இருக்கும் புல எண்கள், பட்டையின் மேல் விழும் புல எண்கள் என மூன்றாகப் பிரிக்கலாம். முதல் இரண்டில் தகராறு குறைவு. மூன்றாவதை மட்டும் வருவாய் ஆய்வாளர், வனவர், கிராம சபை ஆகியோர் சேர்ந்து நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். முழு மலைத்தொடருக்கும் நேராய்வு என்றால் நடவாத காரியம். பட்டைக்கு மட்டும் என்றால் நடக்கும்.

முடிவை 'அ' பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் ஏற்றிவிட்டால் நிலம் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் முன்கூட்டியே தெரியும். தமிழ்நாட்டில் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் 1990 முதல் பட்டியலிட்ட மலைக்கிராமங்களில் கட்டட அனுமதியை ஆய்ந்து வருகிறது. பட்டியலில் இருக்கும் கிராமத்துக்குள் எந்தப் புல எண்ணில் என்ன வகை நிலம் என்ற விவரம் இருந்தால், அந்த ஆணையத்தின் வேலையும் எளிதாகும், மனுதாரரின் அலைச்சலும் குறையும்.

10. வால்பாறைக்காரர்

ஐயா சொல்லும் மூன்றாகப் பிரிக்கும் முறை எனக்கு உடன்பாடே. ஆனால் வால்பாறை போன்ற இடத்தில் பட்டை எங்கே வரும்? மேட்டுநிலம் முழுவதும் ஒரே பிரதேசத்துக்குள் அடங்குகிறது. அங்கே வேறுபாடு பயன்பாட்டில்தான். ஆற்றோரத் துண்டும் தேயிலைப் பாத்தியும் பதிவேட்டில் ஒரே குறிப்பைப் பெற்றால், ஓரத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் தேயிலையைக் கவாத்து செய்வதற்கும் ஒரே அனுமதி கேட்கும் நிலை வந்துவிடும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் கழிப்பறை கட்டுவதற்கும் அதே அனுமதி என்றால், முதல் ஆண்டிலேயே மக்கள் இதற்கு எதிராகப் போவார்கள்.

11. பழைய நில அளவர்

அதற்குப் புல உட்பிரிவு இருக்கிறது. ஓடையின் இருபுறமும் குறிப்பிட்ட அகலத்துக்கு உட்பிரிவு செய்து தனிக் குறிப்பு இடுவது நில அளவையில் புதிய வேலை அன்று. சாலைக்கும் வாய்க்காலுக்கும் நாங்கள் காலங்காலமாகச் செய்ததுதான். பிரதேசக் குறிப்பு ஒரு கலத்திலும் நிலப்பயன்பாடு மற்றொரு கலத்திலும் இருக்க வேண்டும். கட்டுப்பாடு இரண்டையும் சேர்த்துப் பார்த்தே விதிக்கப்பட வேண்டும்; குடியிருப்பு என்று பதிவான உட்பிரிவுக்கு அனுமதியே தேவையில்லை என்று விதியிலேயே எழுதிவிடலாம். சோலைப்புல் சொன்ன சீகைத் தோப்புக்கு மட்டும் என்னிடம் தெளிவான விடை இல்லை. அது புல்வெளிக்கு உரிய இடம் என்று பிரதேசக் கலம் சொல்லும், காடு என்று பயன்பாட்டுக் கலம் சொல்லும். காப்புக்காட்டு எல்லைக்குள் இருந்தால் அதில் வருவாய்த் துறைக்கு அதிகாரமும் இல்லை. அந்த முரண்பாட்டை வனத்துறையின் செயல்திட்டத்தில்தான் தீர்க்க முடியும். அதை அறிந்தவர்கள் எழுதினால் நன்று.